நடைவண்டியா, வாக்கரா? குழந்தைக்கு வாங்கும் முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



வீட்டில் குழந்தை சுவரைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னுட்டா போதும், நமக்கெல்லாம் சந்தோஷம் தாங்காது. அடுத்த பேச்சே, "புள்ளைக்கு நடைவண்டி வாங்கணும்" என்பதுதான். முன்பெல்லாம் தாய்மாமன் வாங்கி வருவார். இல்லாவிட்டால் தாத்தா ஊர் ஆசாரியிடம் சொல்லி செய்து வைப்பார். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை. அவ்வளவுதான் நடைவண்டி.

இப்போது கடைகளில் அதோடு சேர்த்து 'வாக்கர்' என்று ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். வட்டமான பிளாஸ்டிக் சட்டம், நடுவில் துணி இருக்கை, அடியில் ஆறு எட்டுச் சின்னச் சக்கரங்கள், மேலே பாட்டுப் பாடும் பொம்மை. பார்க்க அழகா இருக்கு, புள்ளையும் அழாம உட்கார்ந்திருக்கு என்று நம்மில் பலர் அதை வாங்கிவிடுகிறோம். இரண்டும் நடை பழகத்தானே, எதை வாங்கினால் என்ன என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒன்றில் குழந்தை தன் காலில் நிற்கிறது. மற்றொன்றில் தொங்கிக்கொண்டு ஓடுகிறது. இதைப் பற்றித்தான் இந்த இதழில் பேசப் போகிறோம்.

வண்டி வாங்கினால் சீக்கிரம் நடக்குமா?

"பக்கத்து வீட்டுப் புள்ள பத்தாம் மாசமே நடந்துடுச்சு, எம்புள்ள இன்னும் நடக்கலியே" என்ற கவலை எல்லா அம்மாவுக்கும் உண்டு. இந்தக் கவலையில்தான் அவசரப்பட்டு ஏதாவது வாங்குகிறோம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளில் நன்றாக வளரும் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டது. அதன்படி ஆரோக்கியமான குழந்தைகள்,

- பிடிமானம் இல்லாமல் உட்காருவது: சுமார் 4 மாதம் முதல் 9 மாதத்துக்குள்
- எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பது: சுமார் 5 முதல் 11 மாதத்துக்குள்
- தவழுவது: சுமார் 5 முதல் 13 மாதத்துக்குள்
- பிடித்துக்கொண்டு நடப்பது: சுமார் 6 முதல் 14 மாதத்துக்குள்
- தனியாக நிற்பது: சுமார் 7 முதல் 17 மாதத்துக்குள்
- தனியாக நடப்பது: சுமார் 8 முதல் 18 மாதத்துக்குள்

பாருங்க, எட்டாம் மாதம் நடக்கிற குழந்தையும் உண்டு, ஒன்றேகால் வயதில் நடக்கிற குழந்தையும் உண்டு. இரண்டுமே நல்ல குழந்தைதான். நூற்றில் நான்கு குழந்தைகள் முட்டி போட்டுத் தவழாமலேயே நடந்துவிடுகின்றன என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. ஆகவே பக்கத்து வீட்டோடு ஒப்பிட வேண்டாம்.

குழந்தை நடக்க மூன்று விஷயம் வேண்டும். முதுகும் இடுப்பும் காலும் பலப்பட வேண்டும். விழாமல் உடம்பை நிறுத்தும் பழக்கம் வர வேண்டும். தன் காலைத் தானே பார்த்து எடுத்து வைக்கத் தெரிய வேண்டும். இவை எல்லாம் குப்புற விழுந்து, தவழ்ந்து, எழுந்து, தடுமாறி விழுந்துதான் வரும். எந்த வண்டியும் இதைக் கொண்டுவந்து தராது. நல்ல நடைவண்டி, ஏற்கெனவே எழுந்து நிற்கிற குழந்தைக்கு ஒரு விளையாட்டு, கொஞ்சம் பிடிமானம். அவ்வளவுதான்.

வாக்கர் ஏன் வேண்டாம்?

வாக்கரில் உட்கார்ந்த குழந்தையின் காலைக் கவனியுங்கள். நுனிவிரலால் தரையை உந்தி உந்திப் போகும். உடம்பின் பாரத்தைத் துணி தாங்குவதால், குழந்தை நிற்கப் பழகுவதில்லை. தட்டு மறைப்பதால் தன் காலையும் அது பார்ப்பதில்லை. அமெரிக்காவில் 109 குழந்தைகளைக் கவனித்து 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வாக்கரில் இருந்த குழந்தைகள் உட்காரவும் தவழவும் நடக்கவும் மற்றக் குழந்தைகளைவிடத் தாமதம் ஆனது தெரிந்தது. சீக்கிரம் நடக்கட்டும் என்று வாங்கினால், நடப்பது எதிர்மாறாகப் போகிறது.

அதைவிடப் பெரிய விஷயம் ஆபத்து. வாக்கரில் இருக்கும் குழந்தை ஒரு விநாடியில் மூன்று அடிக்கு மேல் போய்விடும். "இங்கதானே இருந்துச்சு" என்று நாம் திரும்புவதற்குள் வாசற்படியில் இருக்கும். கூடவே, உட்கார்ந்த இடத்தில் உயரமும் கிடைத்துவிடுகிறது. தரையில் தவழும்போது எட்டாத கஞ்சிப் பானை, டீ டம்ளர், மேசை விரிப்பு, மிக்ஸி வயர் எல்லாம் எட்டும்.

அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை 25 ஆண்டுகளில், 15 மாதத்துக்கு உட்பட்ட 2,30,676 குழந்தைகள் வாக்கரால் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்ததாக 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இதில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் தலையிலோ கழுத்திலோ அடி. நான்கில் மூன்று பங்கு, படியில் உருண்டு விழுந்தது. அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் வாக்கரைத் தடை செய்ய வேண்டும் என்று கேட்டு வருகிறது. கனடா நாடு 2004 ஏப்ரலிலேயே தடை செய்துவிட்டது. அங்கே புதிதாக மட்டுமல்ல, பழைய வாக்கரை விற்பதும்கூடக் குற்றம்.

"நாங்க பக்கத்திலேயே இருந்து பாத்துக்குவோம்" என்று சொல்லலாம். அந்த ஆய்வுகளில் அடிபட்ட குழந்தைகளில் பலர், பெரியவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் அடிபட்டார்கள். நம் கை போவதைவிட வாக்கர் வேகமாகப் போகிறது. நம் வீடுகளில் திண்ணை உண்டு, வாசற்படி உண்டு, தரையோடு தரையாக அடுப்பு உண்டு, சுவர் குறைந்த கிணறு உண்டு. நாம் இன்னும் கூடுதலாகத்தான் பயப்பட வேண்டும்.

"சமையல் ஆகணும், மாட்டுக்குத் தண்ணி காட்டணும், புள்ளைய எங்க விடறது?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அடுப்படி இல்லாத அறையில் பாய் விரித்து, வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு வைத்து, நம் கண்ணில் படும்படி விளையாட விடலாம். கரண்டி, கிண்ணம், மூடி, துணிப் பந்து இருந்தால் போதும். குழந்தையும் தவழ்ந்து பழகும். பக்கத்து வீட்டு உறுப்பினரோடு பேசி வைத்து, ஒருவர் சமைக்கும் நேரம் மற்றவர் பார்த்துக்கொள்வதும் நல்ல வழி.

ஏற்கெனவே வாங்கிய வாக்கர் வீட்டில் இருந்தால், சக்கரங்களைக் கழற்றி உடைத்துப் போடுங்கள். "காசு போட்டு வாங்கினதாச்சே" என்று அக்கா மகளுக்கோ நாத்தனார் பிள்ளைக்கோ கொடுத்தால், ஆபத்தையும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகும்.

மூன்று சக்கரம் ஏன்?

முக்காலியை மேடுபள்ளத் தரையில் போட்டாலும் ஆடாது. நாற்காலி ஆடும். மூன்று கால் எப்போதும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் என்பதே காரணம். மூன்று சக்கர வண்டியும் அப்படித்தான். சாணி மெழுகிய தரை, சிமெண்ட் உடைந்த முற்றம் எதிலும் தடதடவென்று ஆடாமல் போகும். முன்னால் ஒரே சக்கரம் என்பதால் திரும்புவதும் எளிது.

ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. முன்பக்கம் ஒரே சக்கரம் என்பதால் முன்மூலைகளில் தாங்கல் கிடையாது. குழந்தை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் வண்டியும் அந்தப் பக்கம் சாயும். அதனால்தான் பின்சக்கரம் இரண்டும் நன்றாக விலகி இருக்க வேண்டும், அடிச்சட்டம் தாழ்வாகவும் கனமாகவும் இருக்க வேண்டும் என்கிறோம். பார்க்க ஒய்யாரமாக, உயரமாக, லேசாக இருக்கிற வண்டி வேண்டவே வேண்டாம்.

கடையிலேயே செய்து பார்க்க வேண்டிய சோதனைகள்

கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். புடவை வாங்கும்போது விரித்துப் பார்க்கிறோம் இல்லையா? அதுபோலத்தான் இதுவும்.

1. அழுத்திப் பாருங்கள். குழந்தை பிடிக்கும் இடத்தில் கையை வைத்துக் கீழே அழுத்துங்கள். பிறகு லேசாகப் பின்பக்கம் இழுங்கள். முன்சக்கரம் உடனே தரையை விட்டு எழும்பினால் அந்த வண்டி வேண்டாம். குழந்தை தொங்கும்போது அதன் மேலேயே கவிழும். கைப்பிடிக் கட்டை பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால் இருக்க வேண்டும். பின்னால் தள்ளிச் சாய்ந்திருக்கக்கூடாது.

2. பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஒரு விரலால் தள்ளினாலே சாய்ந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள அகலம் குழந்தையின் தோள் அகலத்தைவிட அதிகமாக இருக்கட்டும்.

3. உயரம் பாருங்கள். கைப்பிடி, குழந்தை நிற்கும்போது இடுப்புக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே வர வேண்டும். அதிக உயரமானால் தொங்கும், குறைந்தால் குனிந்து தலைகுப்புற விழும். முடிந்தால் குழந்தையையே தூக்கிக்கொண்டு போய் நிறுத்திப் பாருங்கள். கால் எடுத்து வைக்கும்போது விரலோ முழங்காலோ பின் அச்சில் இடிக்கக்கூடாது.

4. சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள். கடையாணி இறுக்கமாக இருக்கிறதா, கழன்று வருமா என்று இழுத்துப் பாருங்கள். கழன்ற ஆணி நேராக வாய்க்குத்தான் போகும்.

5. துணியால் தடவிப் பாருங்கள். பழைய பருத்தித் துணியை மரத்தின் மேல் எல்லாப் பக்கமும் இழுங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே சிராய் இருக்கிறது. தலை தூக்கிய ஆணியும் இதில் தெரிந்துவிடும்.

6. சந்துகளைப் பாருங்கள். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே குழந்தையின் விரல் நுழைந்து நசுங்கும் இடம் இருக்கிறதா? மடக்கு வண்டியாக இருந்தால் மடங்கும் இடத்தில் இன்னும் கவனம்.

7. தொங்கும் சாமான்களைப் பாருங்கள். மணி, குண்டு, கிலுகிலுப்பை வைத்திருந்தால் இழுத்துப் பாருங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை எதையும் வாயில் போடும். மூன்று சென்டிமீட்டருக்கும் சின்னதாக ஏதாவது பிய்ந்து வந்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

வர்ணத்தில் இருக்கும் விஷம்

பளபளவென்று சிவப்பும் மஞ்சளும் அடித்த வண்டியைப் பார்த்தால் நமக்கே ஆசை வரும். ஆனால் சில பெயிண்டுகளில் ஈயம் இருக்கிறது. குழந்தை கைப்பிடியைக் கடிக்கும், பெயிண்ட் பட்ட கையை வாயில் வைக்கும். கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேரும் ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், படிப்பில் மந்தம் வரும், இரத்தசோகையும் வரும். இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்ற அளவே ஈயத்துக்குக் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

நம் நாட்டில் வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்த விதி தொழிற்சாலைகளில் அடிக்கும் பெயிண்டுக்குப் பொருந்தாது. ஆகவே லாரிப் பட்டறையில் மிச்சமானது, இரும்பு கேட்டுக்கு அடித்தது போக மீந்தது என்று எதையும் நடைவண்டியில் அடிக்க விடாதீர்கள். தாத்தா காலத்து வண்டியைப் பரணிலிருந்து எடுக்கிறீர்களா? பெயிண்ட் உரிந்திருந்தால் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். குழந்தை இருக்கும் இடத்தில் அதைச் சுரண்டவும் வேண்டாம், அந்தத் தூளும் விஷம்தான்.

ஈயம் இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. ஈரத் துணியால் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கலாம். ஒட்டினால் நிச்சயம் வேண்டாம். ஒட்டாவிட்டாலும் ஈயம் இல்லை என்று அர்த்தமில்லை. நல்ல வழி, வர்ணமே இல்லாத வண்டிதான். நன்றாக இழைத்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிய மரமே அழகுதான்.

கடையில் கம்பெனி வண்டி வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் குழந்தை விளையாட்டுப் பொருட்களுக்கு இந்த முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைக் கலைஞர்கள் செய்து விற்கும் பொருளுக்கு விலக்கு உண்டு. குழுவாக நடைவண்டி செய்து விற்கலாம் என்று யோசிக்கும் உறுப்பினர்கள் இதை நினைவில் வைத்து, முதலில் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஆசாரியிடம் செய்யச் சொல்வதானால்

ஊர் ஆசாரியிடம் செய்வதில் ஒரு நன்மை உண்டு. நம் குழந்தையின் உயரத்துக்கு ஏற்றபடி செய்துகொள்ளலாம். பழுதானாலும் அவரிடமே போகலாம். இப்படிச் சொல்லுங்கள்:

- நன்றாகக் காய்ந்த மரம். பச்சை மரம் காயும்போது வெடித்துச் சிராய் கிளம்பும்.
- கைப்பிடி எவ்வளவு உயரமோ, அடிச்சட்டமும் குறைந்தது அவ்வளவு நீளம்.
- கைப்பிடி உருண்டையாக, குழந்தையின் விரல் சுற்றிப் பிடிக்கும் பருமனில்.
- எல்லா முனையும் மழுக்கியிருக்க வேண்டும்.
- முடிந்தவரை ஆணி இல்லாமல் துளையில் கட்டை இறக்கிச் சேர்க்க வேண்டும்.

நான்கைந்து வீட்டுக்குச் சேர்த்துச் சொன்னால் கூலி குறையும். நடைவண்டி ஒரு குழந்தைக்கு ஆறேழு மாதம்தான் தேவை. அதற்காகத் தனியாகக் கடன் வாங்க வேண்டாம். குழுவுக்குப் பொதுவாக ஒன்றிரண்டு செய்து, ஒரு வீட்டில் தேவை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும் முன் மேலே சொன்ன சோதனைகளை மறுபடி செய்துவிடுங்கள்.

எப்போது, எப்படி ஓட்ட விடலாம்?

குழந்தை தானாக எதையாவது பிடித்து எழுந்து, பிடித்தபடியே பக்கவாட்டில் இரண்டு அடி வைக்கத் தொடங்கிய பிறகுதான் நடைவண்டி. நாமே தூக்கி நிறுத்திக் கையைப் பிடித்துக் கட்டையில் வைப்பது சரியல்ல. வெறுங்காலோடு ஓட்டட்டும். தரை தெரிந்தால்தான் விரல் பிடிக்கும். நீளப் பாவாடை, தழையும் சட்டை வேண்டாம்.

மண் தரையில் மரச்சக்கரம் மெதுவாகப் போகும். டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடும், குழந்தை முகம் குப்புற விழும். அப்படிப்பட்ட வீட்டில் சக்கரத்தைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப் பட்டை ஒட்டுங்கள். அடிச்சட்டத்தின் மேல், கைப்பிடிக்கு முன்னால், துணியில் சுற்றிய அரைச் செங்கல்லை இறுக்கிக் கட்டினாலும் வேகம் குறையும்.

ஓட்டுகிற நேரமெல்லாம் பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அண்ணன் அக்காவை நம்பி விட வேண்டாம், அவர்களும் குழந்தைகள்தான். திண்ணை, படி, அடுப்பு, கிணறு, தண்ணீர்த் தொட்டி பக்கம் வேண்டாம். வாளியில் அரைச் சாண் தண்ணீர் இருந்தாலே போதும், தலைகுப்புற விழுந்த குழந்தைக்கு ஆபத்து. வேலை முடிந்தால் வண்டியைச் சுவரில் மாட்டிவிடுங்கள்.

உட்கார வைத்துத் தள்ளும் வண்டி

டவுனில் இருக்கும் மகள், மருமகள் வீட்டில் மூன்று சக்கரத் தள்ளுவண்டி வாங்குகிறார்கள். இது நடை பழக அல்ல, குழந்தையை வெளியே கூட்டிப் போக. நம் ஊர் ரோட்டுக்கு வாங்குவதானால் பெரிய சக்கரமாகப் பாருங்கள், சின்னச் சக்கரம் கல்லில் மாட்டும். பிரேக் போட்டுத் தள்ளிப் பாருங்கள், நகரக்கூடாது. இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால் நடுவே ஒன்று என ஐந்து இடத்தில் பிடிக்கும் பெல்ட் வேண்டும். தலை நிற்காத, உட்காரத் தெரியாத குழந்தையை நிமிர்ந்த இருக்கையில் வைக்கக்கூடாது. கைப்பிடியில் காய்கறிப் பை மாட்டினால் வண்டி பின்பக்கம் கவிழும். வெயிலுக்கு என்று துணியால் மூடினால் உள்ளே சூடு ஏறும், காற்று போகாது. நிழலில் தள்ளிப் போவதுதான் சரி.

எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்?

ஒன்பது மாதம் தாண்டியும் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை, ஒரு வயது ஆகியும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, ஒன்றரை வயது ஆகியும் தனியாக நடக்கவில்லை, எப்போதும் நுனிக்காலிலேயே நிற்கிறது, ஒரு பக்கக் கையோ காலோ விறைப்பாக அல்லது துவண்டு இருக்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். "எங்க வீட்டுல எல்லாரும் லேட்டாதான் நடந்தாங்க" என்று பெரியவர்கள் சொன்னாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைப் பாருங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பயிற்சியால் நிறைய சரிசெய்ய முடியும். நடைவண்டியோ வாக்கரோ இதற்கு மருந்து அல்ல.

தோழிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு ஏழு சோதனைகளையும் ஒரு நடைவண்டியை நடுவில் வைத்துச் செய்து காட்டுங்கள். எத்தனை பேர் வீட்டில் வாக்கர் இருக்கிறது என்று கேளுங்கள். மாமியார், பாட்டி, குழந்தையின் அப்பா ஆகியோரிடமும் பேசுங்கள். வாங்கி வருவது பெரும்பாலும் அவர்கள்தானே. பிறந்தநாளுக்கு என்ன வாங்கலாம் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "வாக்கர் வேண்டாங்க, மர நடைவண்டி போதும்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.